மூப்பும் பி3 உயிர்ச்சத்தும்: ஒரு மாத்திரையை முன்வைத்து

நமக்கு அரபி இலக்கணம் போதித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவர் எழுபதைக் கடந்தவர். ஓய்வு பெற்ற பின்னரும் வைகறைத் தொழுகையின் முதல் வரிசையில் அவரைக் காணலாம். சில மாதங்களுக்கு முன் அவரைக் காணச் சென்றபோது, கிதாபுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் குப்பியை எடுத்து நம் கையில் தந்தார். வளைகுடாவில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் அன்புடன் அனுப்பியது. "இதைச் சாப்பிட்டால் வயது பின்னோக்கிப் போகுமாம். ரத்தச் சர்க்கரையும் குறையுமாம். நீங்கள்தாம் இங்கிலீஷ் ஏடுகளையும் பார்ப்பவர், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். "ஹஜ்ரத், சாப்பிடத் தொடங்கிவிட்டீர்களா?" என்று கேட்டோம். "ஒரு மாதமாகிறது. அதனால் சர்க்கரை மாத்திரையை இரு வேளையிலிருந்து ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டேன்" என்றார், மிக இயல்பாக.

அந்தப் பதிலே இக்கட்டுரைக்குக் காரணம். குப்பியில் இருந்த பொருளின் பெயர் நிக்கோட்டினமைடு மோனோநியூக்ளியோடைடு, சுருக்கமாக என்.எம்.என். இதன் நெருங்கிய உறவுப் பொருளான நிக்கோட்டினமைடு ரைபோசைடு (என்.ஆர்.) என்பதும் இன்று உலகெங்கும் முதுமைத் தடுப்பு மாத்திரையாக விற்கப்படுகிறது. இரண்டும் பி3 உயிர்ச்சத்தின் வழி வந்தவை. இவை யாவை, இவற்றைப் பற்றி அறிவியல் உறுதியாகக் கூறுவது எது, வணிகம் மிகைப்படுத்துவது எது என்பதை வாசகர்முன் வைப்பதே நம் நோக்கம்.

பழைய நோயும் புதிய சத்தும்

பி3 உயிர்ச்சத்தின் வரலாறு வறுமையின் வரலாறாகும். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவராக இருந்த கஸ்பார் கசால், 1735-இல் அங்கிருந்த ஏழை உழவர்களிடம் ஒரு விநோத நோயைக் கண்டார். வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து தடித்து உரிந்தது, வயிற்றுப்போக்கு வாட்டியது, நாளடைவில் அறிவு பேதலித்தது, முடிவில் உயிர் போயிற்று. இத்தாலியில் இதனைப் 'பெல்லக்ரா', அதாவது சொரசொரப்பான தோல் என்றழைத்தனர். மக்காச்சோளத்தை மட்டுமே உண்டு வாழ்ந்தவர்களை இந்நோய் தேடித் தேடிப் பிடித்தது.

இது தொற்றுநோய் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்கப் பொதுநலத்துறை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் அந்நாட்டின் தென்மாநிலங்களில் ஆராய்ந்து, இது கிருமியால் வருவதன்று, உணவுக் குறையால் வருவது என நிறுவினார். அநாதை இல்லங்களில் பாலும் இறைச்சியும் முட்டையும் சேர்த்து உணவளிக்க, நோய் மறைந்தது. குறைந்த சத்து எது என்பது 1937-இல் தெளிவாயிற்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வேஜம், நாய்களுக்கு வரும் இதையொத்த நோயை நிக்கோட்டினிக் அமிலம் குணப்படுத்துவதைக் கண்டார். அதுவே நியாசின் எனப்படும் பி3. புகையிலையின் நிக்கோட்டினோடு பெயர் ஒற்றுமை உண்டேயன்றி, குணத்தில் ஒற்றுமை இல்லை.

நம் நாட்டிற்கும் இதில் பங்குண்டு. தக்காணப் பகுதியில் சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஏழைகளிடமும் பெல்லக்ரா காணப்பட்டது. ஹைதராபாத்தில் ஆய்வு செய்த சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என 1960-இல் எழுதினர்.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பெல்லக்ராவைத் தீர்க்கத் தேவைப்பட்டது சிறிதளவே. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம், பெண்ணுக்கு 14 மில்லிகிராம் நியாசின் போதுமென்பது அமெரிக்கப் பரிந்துரை. இறைச்சி, மீன், நிலக்கடலை, பருப்பு ஆகியவற்றை உண்பவருக்கு இது எளிதில் கிடைத்துவிடும். இல்லாதவனுக்குக் கொடுத்தால் உயிர் காக்கும் சத்து, இருப்பவனுக்கு மேலும் கொடுத்தால் இளமை தருமா என்பதே இன்றைய கேள்வி.

உடலில் அதன் பணி

பி3 உயிர்ச்சத்து உடலில் தனித்து நின்று தொழிற்படுவதில்லை. அது என்.ஏ.டி. என்னும் மூலக்கூறாக மாற்றப்படுகிறது. 1906-இல் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட்டின் நொதித்தலை ஆராய்ந்தபோது இதன் இருப்பை முதலில் உணர்ந்தனர். இதன் தன்மையை மேலும் விளக்கிய ஹான்ஸ் வான் ஆய்லர்-கெல்பினுக்கும் ஹார்டனுக்கும் 1929-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

என்.ஏ.டி. இரு பெரும் பணிகளைச் செய்கிறது. முதலாவது, சுமை தூக்கும் பணி. நாம் உண்ணும் உணவு செல்லுக்குள் சிதையும்போது வெளிப்படும் எலெக்ட்ரான்களை இது ஏற்றிச் சென்று, செல்லின் ஆற்றற்கூடமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் இறக்கிவிட்டு, வெறுங்கையுடன் திரும்பி வந்து மீண்டும் சுமக்கிறது. இப்பணியில் அது தேய்வதில்லை.

இரண்டாவது, தன்னையே செலவிடும் பணி. நம் மரபிழையாகிய டி.என்.ஏ. அறுபடும்போது அதனைச் சீர்செய்யும் பார்ப் என்னும் நொதிகளும், மரபணுக்களின் செயலை ஒழுங்குபடுத்தும் சர்ட்டுயின் என்னும் நொதிகளும் என்.ஏ.டி.யை உடைத்தே வேலை செய்கின்றன. உடைந்தபின் எஞ்சுவது நிக்கோட்டினமைடு. அதனை உடல் வீணாக்குவதில்லை. ஒரு நொதி அதனை என்.எம்.என். ஆக மாற்ற, மற்றொரு நொதி அதனை மீண்டும் என்.ஏ.டி. ஆக்குகிறது. பழைய நகையை உருக்கிப் புதிய நகை செய்யும் பொற்கொல்லரின் பட்டறையை இது ஒக்கும்.

ஆகவே என்.எம்.என். என்பது என்.ஏ.டி.க்கு ஒரு படி முந்தைய நிலை; என்.ஆர். இரு படி முந்தைய நிலை. என்.ஆர். பாலில் உள்ளது என்பதையும், அதனை உடல் என்.ஏ.டி. ஆக்கும் வழியையும் 2004-இல் வெளியிட்டவர் சார்ல்ஸ் பிரென்னரும் அவருடன் பணியாற்றியவரும் ஆவர்.

மூப்போடு தொடர்பு வந்தது எவ்வாறு?

2000-ஆம் ஆண்டில் ஷின்-இச்சிரோ இமாய், லியோனார்டு குவாரன்டே ஆகியோர், ஈஸ்ட்டின் ஆயுளோடு தொடர்புடைய சர்ட்டுயின் நொதி என்.ஏ.டி. இன்றி இயங்காது எனக் காட்டினர். அதன்பின் விலங்குகளின் பல திசுக்களில் வயது ஏற ஏற என்.ஏ.டி. குறைவதாக ஆய்வுகள் வந்தன. மனிதத் தசையிலும் முதியோரிடம் இளையோரைவிட இது குறைந்திருப்பதை 2022-இல் நெதர்லாந்து ஆய்வொன்று பதிவு செய்தது. குறைவதற்கு ஒரு காரணம், வயதோடு மிகும் சி.டி.38 என்னும் நொதி என்.ஏ.டி.யை மிகுதியாகச் சிதைப்பது என்பதை 2016-இல் எலிகளில் கண்டனர். தொட்டியில் நீர் குறைவதற்கு, வரத்துக் குறைந்ததும் காரணமாகலாம், ஓட்டை பெரிதானதும் காரணமாகலாம். மாத்திரை வரத்தைப் பெருக்குகிறது; ஓட்டையை அடைப்பதில்லை.

உடலில் ஏதோ ஒன்று வற்றுவதாலேயே முதுமை வருகிறது என்ற எண்ணம் புதிதன்று. இப்னு சீனா (980-1037) தம் 'அல்-கானூன்' பெருநூலில், உடலின் இயல்பான வெப்பம் அதன் இயல்பான ஈரத்தைச் சிறிது சிறிதாக உண்டுவிடுவதே மூப்பு என விளக்குகிறார்; விளக்கில் எண்ணெய் வற்றச் சுடர் அணைவதை அதற்கு உவமையாக்குகிறார். ஆனால் அவர் அங்கேயே ஓர் எல்லையும் வகுக்கிறார். மருத்துவக் கலை மரணத்தைத் தடுக்கவோ, ஒவ்வொருவருக்கும் மிக நீண்ட ஆயுளைத் தரவோ பொறுப்பேற்பதில்லை. உரிய காலத்திற்கு முன் உடல் கெடாமல் காப்பதே அதன் வேலை என்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த அடக்கம், இன்றைய விளம்பரங்களில் இல்லை.

எலிகள் கூறுவது

2013-இல் டேவிட் சின்கிளேர் குழுவினர், 22 மாத வயதுடைய கிழ எலிகளுக்கு ஒரு வாரம் என்.எம்.என். செலுத்தியபோது, அவற்றின் தசையில் சில உயிர்வேதிக் குறியீடுகள் 6 மாத எலிகளை ஒத்தன. இளமை திரும்பிவிட்டது என்ற பேச்சு அங்கிருந்தே பரவிற்று. ஆனால் அந்த எலிகளின் தசை வலிமை கூடவில்லை என்பது அந்த ஆய்விலேயே உள்ளது. 2016-இல் இமாய் குழுவினர் ஓராண்டு என்.எம்.என். கொடுத்த எலிகளில் எடை கூடுதல், இன்சுலின் திறன் குறைதல் முதலிய மூப்பின் விளைவுகள் தணிந்ததைக் கண்டனர். அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், முதிய எலிகளுக்கு என்.ஆர். கொடுக்க, ஆயுள் சற்றே நீண்டது.

எனினும் மறுபக்கம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், ஆயுளை நீட்டுவதாகக் கூறப்படும் பொருள்களை மூன்று வெவ்வேறு ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்க்கும் திட்டமொன்றை நடத்துகிறது. ஒருவர் கண்டதை மற்றிருவரும் காண்கின்றனரா என்பதே அதன் அளவுகோல். அத்திட்டத்தின் முடிவு 2021-இல் வெளியானது: என்.ஆர். ஆண் எலியின் ஆயுளையும் நீட்டவில்லை, பெண் எலியின் ஆயுளையும் நீட்டவில்லை. ஹதீஸ் கலையில் ஒரே அறிவிப்பாளர் வழி வந்த செய்தியையும், பல வழிகளில் வந்து ஒன்றையொன்று வலுப்படுத்தும் செய்தியையும் ஒரே தட்டில் வைப்பதில்லை என்பதை நம் வாசகர் அறிவர். இங்கும் அந்நிதானம் வேண்டும்.

மனிதர்கள் கூறுவது

மனிதச் சோதனைகளில் ஐயமின்றி நிறுவப்பட்டது ஒன்றே: இம்மாத்திரைகள் இரத்தத்தில் என்.ஏ.டி. அளவை உயர்த்துகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வில், 55 முதல் 79 வயதுடைய நலமான 24 பேர் ஆறு வாரம் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் என்.ஆர். உட்கொள்ள, இரத்த அணுக்களில் என்.ஏ.டி. சுமார் 60 விழுக்காடு உயர்ந்தது. இரத்த அழுத்தம் சற்று மிகுந்தோரிடம் அது குறைவது போலவும் தோன்றிற்று. ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து முடிவு கூற இயலாது.

அளவு உயர்ந்ததால் பலன் வந்ததா? டென்மார்க்கில் உடல் பருத்த 40 ஆண்களிடம் 12 வாரம் நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் என்.ஆர். கொடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலின் திறன் மேம்படவில்லை. 2019-இல் முதிய ஆண்கள் 12 பேரிடம் 21 நாள் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில், தசையில் என்.ஏ.டி. தொடர்பான பொருள்கள் கூடின. சில அழற்சிக் குறியீடுகள் குறைந்தன. மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் மாறவில்லை. கால் இரத்தக் குழாய் அடைப்புள்ள 90 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில் மட்டும் ஒரு நற்குறி தென்பட்டது. ஆறு மாதம் என்.ஆர். உட்கொண்டோர், ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் மற்றோரைவிடச் சுமார் 17 மீட்டர் முன்னேறியிருந்தனர். இது நோயாளர்க்கான செய்தி, நலமானோர்க்கான செய்தியன்று.

நம் ஆசிரியரின் குப்பியோடு வந்த துண்டறிக்கை சர்க்கரையைப் பற்றிக் கூறியதற்கு அடிப்படை, 2021-இல் வெளிவந்த என்.எம்.என். ஆய்வாகவே இருத்தல் வேண்டும். மாதவிடாய் நின்ற, உடல் பருத்த, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 25 பெண்களிடம் பத்து வாரம் அது நடந்தது. நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் உட்கொண்டோரின் தசை, இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் திறன் சுமார் 25 விழுக்காடு கூடிற்று. இது மெய்யான கண்டுபிடிப்பே. ஆனால் அதே பெண்களின் இரத்தச் சர்க்கரை அளவு குறையவில்லை, எடை குறையவில்லை, ஈரல் கொழுப்பும் குறையவில்லை. சர்க்கரை நோய் முற்றி மருந்துண்போர் எவரும் அந்த ஆய்வில் இல்லை. ஆண்களும் இல்லை. பாதி உண்மையை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டால், அது எத்தகைய ஆபத்தில் ஒரு முதியவரைத் தள்ளும் என்பதற்கு நம் ஆசிரியர் குறைத்துக்கொண்ட அந்த ஒரு வேளை மாத்திரையே சான்று.

மறந்த பாடம் ஒன்று

பி3 உயிர்ச்சத்தின் வரலாற்றிலேயே நமக்கோர் எச்சரிக்கை உண்டு. மிகுந்த அளவு நியாசின் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என 1955-இல் கண்டறிந்தனர். கெட்ட கொழுப்புக் குறைந்தது, நல்ல கொழுப்புக் கூடிற்று. ஆகவே மாரடைப்பும் குறையும் எனப் பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தனர். 2014-இல் 25,673 இதய, இரத்தக்குழாய் நோயாளரிடம் நடந்த மாபெரும் ஆய்வின் முடிவு வந்தது. கொழுப்புக் குறையும் ஸ்டாட்டின் மருந்தோடு நியாசினையும் லாரோபிப்ரான்ட் என்னும் துணை மருந்தையும் சேர்த்து உண்டோரிடம், மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மாறாகச் சர்க்கரை நோயும், இரத்தக் கசிவும், தொற்றுகளும் மிகுந்தன. பரிசோதனைத் தாளில் எண் திருந்துவது ஒன்று. மனிதன் திருந்துவது வேறொன்று. என்.ஏ.டி. அளவு உயர்ந்ததையே பலனாகக் காட்டுவோர் இப்பாடத்தை மறந்தவராவர்.

2024-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனை ஆய்வாளர்கள், உடலில் மிகுந்த பி3 சிதைந்து உண்டாகும் 4பிஒய் என்னும் கழிவுப்பொருள் இரத்தத்தில் மிகுந்தோரிடம் மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடியிருப்பதைக் கண்டனர். தொடர்பு வேறு, காரணம் வேறு. ஆதலால் இதைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆயினும் என்.ஆர்., என்.எம்.என். மாத்திரைகளும் முடிவில் இவ்வழியிலேயே சிதைகின்றன என்பதால், கவனத்திற்குரிய செய்தியே. மேலும் புற்றுநோய்ச் செல்களும் வளர்வதற்கு என்.ஏ.டி.யையே நாடுகின்றன, அதன் உற்பத்தியைத் தடுத்துப் புற்றைக் கட்டுப்படுத்தவே சில மருந்துகள் சோதிக்கப்பட்டன. ஆகவே புற்றுநோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

எதிர்ப்பக்கத்து நன்மையையும் மறைத்தல் நேர்மையன்று. மலிவான பழைய நிக்கோட்டினமைடையே 500 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருவேளை, முன்பே தோல் புற்று வந்த 386 பேரிடம் ஆஸ்திரேலியாவில் கொடுத்துப் பார்த்தபோது, புதிய தோல் புற்றுகள் 23 விழுக்காடு குறைந்தன. 2015-இல் வெளியான அந்த ஆய்வில், மாத்திரையை நிறுத்தியதும் அப்பயனும் நின்றது. குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்டோருக்கு, அளவறிந்து கொடுக்கும்போது இச்சத்து மருந்தாகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வாய்வழி உண்ட என்.ஆர்., என்.எம்.என். இரண்டிலும் பெரும்பகுதி, குடலிலும் ஈரலிலும் பழைய நிக்கோட்டினமைடாகவோ நிக்கோட்டினிக் அமிலமாகவோ மாறிவிடுகிறது என்பதை 2018 முதல் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. அங்ஙனமாயின் உயர்ந்த விலை கொடுத்து வாங்குவதில் எவ்வளவு பங்கு புதுமைக்கு, எவ்வளவு பங்கு பெயருக்கு என்று கேட்பது முறையே. உணவிலேயே என்.எம்.என். பெறலாமே எனின், பச்சை சோயா, வெண்ணெய்ப்பழம் போன்றவற்றிலும் 100 கிராமுக்கு 2 மில்லிகிராமுக்குக் குறைவாகவே உள்ளது. ஆய்வில் கொடுத்த 250 மில்லிகிராமைப் பெற 12 கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். ஆகவே இதனை இயற்கை உணவு என்று கூறி விற்பதும் பொருந்தாது.

என்ன செய்வது?

முன்னர்க் கூறிய நெதர்லாந்து ஆய்வில், முதியோரிடையே மிகுதியாக நடந்தோரின் தசையில் என்.ஏ.டி. மிகுந்திருந்தது. உடற்பயிற்சி, நிக்கோட்டினமைடை மீட்டெடுக்கும் அந்தப் பொற்கொல்லர் நொதியைத் தசையில் பெருக்குகிறது என்பது இளையோரிடமும் முதியோரிடமும் நடந்த வேறோர் ஆய்வில் புலனாயிற்று. நடைக்கு விலையில்லை, ஆகவே அதற்கு விளம்பரமும் இல்லை.

நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவிய நபிமொழி, முதுமையை மட்டும் அதினின்று விலக்கி வைக்கிறது. முதுமையைப் பழிப்பதற்கோ, முதியவரின் நோயைக் கவனியாது விடுவதற்கோ அது கூறப்படவில்லை. நோய்க்குரிய மருந்தை நோய்க்கு உண்க, மூப்பை மூப்பாக ஏற்க என்னும் தெளிவை அது தருகிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டவர், இல்லாத மருந்தை நம்பி இருக்கும் மருந்தைக் கைவிடுவார்.

இவற்றையெல்லாம் மறுவாரம் நம் ஆசிரியரிடம் கூறினோம். அமைதியாகக் கேட்டார். "அப்படியானால் இது பொய்யா?" என்றார். "பொய்யென்று சொல்ல மாட்டோம் ஹஜ்ரத், இன்னும் மெய்ப்படவில்லை. ஆனால் உங்கள் சர்க்கரை மாத்திரை பலகாலம் மெய்ப்பிக்கப்பட்டது" என்றோம். அன்றே நம்முடன் மருத்துவரிடம் வந்தார். பரிசோதனையில் சர்க்கரை முன்னிலும் ஏறியிருந்தது. மருத்துவர் பழைய அளவையே தொடரச் சொன்னார்; குப்பியை மூடி வைக்கவும் சொன்னார்.

திரும்பும் வழியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அனுப்பிய பிள்ளை மனம் நோகக் கூடாதே, அவனுக்கு என்ன எழுதுவது?" நாமே எழுதினோம். ஹஜ்ரத்துக்கு அடுத்த முறை குப்பி வேண்டாம், நடப்பதற்கு மெத்தென்ற ஒரு ஜோடிச் செருப்பு போதும் என்று. அது வந்து சேர்ந்துவிட்டது. வைகறைத் தொழுகைக்குப் பின் அவர் கடைத்தெரு வரை நடந்து திரும்புகிறார். சர்க்கரை மாத்திரையும் இப்போது இரு வேளை.